பிரேக் இல்லாத வண்டியும் பூட்டிய மைதானமும்

கிழக்கு லண்டனில் கஸ்டம் ஹவுஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் துறைகளில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த இடம். அதன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு குடியிருப்புக்குள் இந்தத் தெருப்பெயர்கள் கண்ணில் படும்: வில்கின்சன் ரோடு, யங் ரோடு, குரூம்ப்ஸ் ரோடு, அட்கின்சன் ரோடு, ஹாஸ்கின்ஸ் குளோஸ். யாரோ பழைய மேயர்கள், கவுன்சிலர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால் கதை வேறு. முதல் நால்வரும் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள். ஐந்தாமவர் அந்தப் பந்தயங்களை நடத்தியவர். இன்று வீடுகள் நிற்கிற அதே இடத்தில் 1972 வரை ஒரு மைதானம் இருந்தது.

மைதானத்தை இடித்துவிட்டு, அதில் ஓட்டியவர்கள் பெயரைத் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள். இது மரியாதையா, இல்லை கருமாதியா? இந்தக் கேள்வியில் தொடங்கி நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பந்தயம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீட்வே என்பது நீள்வட்ட மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் போட்டி. ஒரு சுற்றுக்கு நான்கே நான்கு வீரர்கள். தடத்தை நான்கு தடவை சுற்ற வேண்டும், எப்போதும் இடப்பக்கமாகத் திரும்பி. 500 சிசி எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். நேர்த் தடத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வந்து, வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத்தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். அந்த வழுக்கல்தான் வேகத்தைக் குறைக்கும் வழி. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் இடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

இதன் தொடக்கக் கதை ஆஸ்திரேலியாவில். 1923 டிசம்பர் 15 அன்று, நியூ சவுத் வேல்ஸின் வெஸ்ட் மைட்லாண்டில் நடந்த விவசாயக் கண்காட்சித் திடலில் மின்விளக்கு வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டவர் ஜானி ஹாஸ்கின்ஸ். நியூஸிலாந்துக்காரர். இந்த விளையாட்டையே தான்தான் கண்டுபிடித்ததாக ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே மண் தடங்களில் வண்டி ஓட்டியிருக்கிறார்கள் என்பதால் வரலாற்று ஆசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் இதை ஒரு தொழிலாக, ஒரு திருவிழாவாக ஆக்கியதில் அவர் பங்கு பெரியது.

பிரிட்டனில் இது வேர்பிடித்த நாள் 1928 பிப்ரவரி 19 என்பார்கள். லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில், கிங்ஸ் ஓக் விடுதிக்குப் பின்னால் இருந்த தடத்தில் பந்தயம் அறிவித்தார்கள். சில ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்துக்கு முப்பதாயிரம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். அதே வருஷத்துக்குள் நாடு முழுவதும் தடங்கள் முளைத்துவிட்டன.

இவ்வளவு சீக்கிரம் இத்தனை மைதானம் எங்கிருந்து வந்தது? இந்தப் பந்தயத்தின் விதியே அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. 1926-ல் மான்செஸ்டரின் பெல் வ்யூவில் இயந்திர முயலைத் துரத்தும் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் தொடங்கியது. சூதாட்டப் பணம் புரளும் தொழில். தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளிலெல்லாம் நீள்வட்ட மைதானங்கள் கட்டினார்கள். நாய்கள் ஓடாத ராத்திரிகளில் அதே வட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஓடினால் கூடுதல் வருமானம்தானே? இப்படித்தான் ஸ்பீட்வே, நாய்ப் பந்தயத்தின் வீட்டில் வாடகைக்குக் குடிவந்தது. பெரும்பாலான கிளப்புகளுக்குக் கடைசிவரை சொந்த வீடு வாய்க்கவில்லை.

கஸ்டம் ஹவுஸின் வெஸ்ட் ஹாம் ஸ்டேடியம் இப்படி 1928-ல் எழுந்ததுதான். வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீச். பிரிட்டனின் பல புகழ்பெற்ற கால்பந்து மைதானங்களை வரைந்தவர். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கொள்ளும் என்றார்கள். இதே மைதானத்தில் தேம்ஸ் அசோசியேஷன் என்ற கால்பந்துக் கிளப்பும் கொஞ்ச காலம் ஆடியது. 1930 டிசம்பரில் லூட்டன் டவுனுக்கு எதிரான அவர்களுடைய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 469 பேர். அவ்வளவு பெரிய மைதானத்தில் கைதட்டல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! கால்பந்து காற்று வாங்கிய அதே இடத்துக்கு மோட்டார் சைக்கிள்களைப் பார்க்க ஆயிரமாயிரமாக ஜனம் வந்தது. 1930-களில் அங்கே பந்தயம் நடத்தியவர் அந்த ஹாஸ்கின்ஸேதான்.

அவருடைய அணியின் நட்சத்திரம் ஆஸ்திரேலியாவின் ‘புளூயி’ வில்கின்சன். 1936-ல் வெம்ப்ளியில் முதல் உலகச் சாம்பியன் இறுதிப்போட்டி நடந்தது. வில்கின்சன் தன் ஐந்து பந்தயத்தையும் ஜெயித்தார். ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை. முந்தைய சுற்றுகளில் சேர்த்த போனஸ் புள்ளிகளையும் கூட்டும் விதி அப்போது இருந்ததால் மூன்றாம் இடம்தான். பட்டம் இன்னொரு ஆஸ்திரேலியரான லயனல் வான் பிராக்குக்குப் போனது. வில்கின்சன் விடவில்லை. 1938-ல் உலகச் சாம்பியன் ஆனார். இரண்டே வருஷத்தில், 1940-ல், சிட்னியில் ஒரு சாலை விபத்தில் இறந்தார். பிரேக் இல்லாத வண்டியில் அத்தனை வருஷம் ஓட்டிப் பிழைத்தவரின் உயிர் சாதாரணத் தெருவில் போயிற்று. யங் ரோட்டின் ஜாக் யங், 1951-லும் 1952-லும் அடுத்தடுத்துப் பட்டம் வென்றவர். அப்படி வென்ற முதல் ஆள் அவர்தான்.

உலகப்போர் முடிந்ததும் இந்த விளையாட்டுக்கு ஒரு பொற்காலம் வந்தது. வெம்ப்ளியில் வாராவாரம் பல்லாயிரக்கணக்கில் கூடினார்கள். பிறகு இறக்கம். தொலைக்காட்சி வந்தது, கேளிக்கை வரி அழுத்தியது. ஸ்பீட்வேயை மறைமுகமாக அடித்த இன்னொன்றும் உண்டு. 1961-ல் தெருவுக்குத் தெரு பந்தயக் கடைகள் திறக்கச் சட்டம் அனுமதித்தது. பணம் கட்டுவதற்காக மட்டும் நாய்ப் பந்தய மைதானத்துக்குப் போனவர்களுக்கு இனி அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை. மைதானக்காரர்களின் வருமானம் சுருங்கியது, நகரத்து நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் வீட்டை விற்க முடிவு செய்தால் குடித்தனக்காரர் என்ன செய்ய முடியும்?

வெஸ்ட் ஹாம் அணி 1965-ல் புதிதாகத் தொடங்கிய பிரிட்டிஷ் லீக்கின் முதல் சாம்பியன். 1970-ல் பெல்ஜியத்தில் ஒரு வேன் விபத்தில் அதன் மேலாளரும் வீரர்களும் இறந்தார்கள். 1972-ல் மைதானமும் போனது. ரசிகர்களிடம் அப்போது எந்த ஆயுதமும் இல்லை. மிஞ்சியது தெருப்பெயர்கள்தான்.

பூட்டப்போகும் மைதானத்தைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். யார் சாம்பியன், எத்தனை புள்ளி என்பது அவர்கள் பேச்சில் இரண்டாம்பட்சம். முதலில் வாசனையைச் சொல்வார்கள்: மெத்தனாலும் ஆமணக்கெண்ணெய் கலந்த மசகும் சேர்ந்து எரியும் ஒருவித இனிப்பு வாசனை. அப்புறம் ஷேல், அதாவது தடத்தில் பரப்பிய செந்நிறக் கல்தூள். வளைவில் நின்றவர்கள் முகத்தில் அது வந்து அறையும், வீட்டுக்குப் போய்த் தலை குளித்தாலும் காதுக்குள் மிச்சம் இருக்கும். நான்கு பந்தயத்துக்கு ஒருமுறை டிராக்டர் வந்து தடத்தை நிரவும், தண்ணீர் வண்டி பின்னாலேயே வரும். அந்த இடைவெளியில் டீ. கோட்டில் குத்திய அணிச் சின்னம், அதற்குக் கீழே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சிறு உலோகப் பட்டை. எத்தனை பட்டை என்று எண்ணினால் அந்த ஆள் எத்தனை வருஷத்து ரசிகர் என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிகழ்ச்சி ஏடு. அதில் அச்சிட்ட கட்டங்களைப் பேனாவால் பார்வையாளரே நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து எழுதும் விளையாட்டு வேறு எது இருக்கிறது? அட்டைப்பெட்டிகளில் நாற்பது ஐம்பது வருஷத்து ஏடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மழையில் மை ஊறிய பக்கங்கள். ஏதோ ஒரு வருஷத்திலிருந்து அப்பாவின் கையெழுத்து நின்று, பிள்ளையின் கையெழுத்து தொடங்கும்.

இதெல்லாம் வெறும் ஏக்கம்தானே, இதை வைத்து ஒரு மைதானத்தைக் காப்பாற்ற முடியுமா? கோவென்ட்ரியில் நடந்ததைப் பாருங்கள்.

கோவென்ட்ரி, மோட்டார் சைக்கிளும் காரும் செய்த நகரம். அதற்குக் கிழக்கே பிரண்டன் என்ற கிராமத்தில் ஒரு மைதானம், இதுவும் 1928-ல் வந்ததுதான். 1948 முதல் கோவென்ட்ரி பீஸ், அதாவது தேனீக்கள், அங்கே ஓட்டினார்கள். டென்மார்க்கின் ஓலே ஓல்சன் 1978-ல் உலகச் சாம்பியன் ஆனபோது இந்த அணிக்காரர். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லீக் பட்டம் பிரண்டனுக்கு வந்தது. அங்கே ஸ்டாக் கார் பந்தயமும் பிரபலம். 2016 பருவத்தோடு எல்லாம் நின்றது. நிலம் கட்டுமான நிறுவனத்தின் கையில். வாயில் பூட்டப்பட்டது. உள்ளே புகுந்தவர்கள் உடைத்தார்கள், தீ வைத்தார்கள். பார்வையாளர் மாடம் எரிந்து கருகிய படங்களைப் பார்த்த எவரும் கதை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உரிமையாளர்கள் கேட்டது 124 வீடுகள் கட்ட அனுமதி. கூடவே செயற்கைப் புல் கால்பந்துத் திடல் ஒன்றும் தருவதாகச் சொன்னார்கள். பிரண்டன் கிராமம் ரக்பி பரோ கவுன்சிலின் எல்லைக்குள் வருகிறது. 2022-ல் கவுன்சில் அனுமதி மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-ல் பொது விசாரணை நடந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கைப்படி, விளையாட்டுக்கான நிலத்தில் வேறு கட்டடம் கட்டுவதென்றால் சில நிபந்தனைகள் உண்டு. அந்த இடம் இனித் தேவையில்லை என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு ஈடானதோ மேலானதோ ஒன்றைத் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், அங்கே வரப்போவதும் விளையாட்டு வசதியாகவே இருந்து, அதன் பலன் இழப்பை மிஞ்ச வேண்டும். ஆக, வழக்கு சுருங்கி இந்தக் கேள்விக்கு வந்தது: பிரண்டன் யாருக்காவது இன்னும் தேவைப்படுகிறதா?

‘என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்’ என்பது மட்டும் இப்படிப்பட்ட விசாரணையில் செல்லாது. ஆனால் அதையே கணக்காக மாற்றலாம். எவ்வளவு கூட்டம் வந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள், மறுபடி நடத்தினால் கட்டுப்படியாகுமா, கால்பந்துத் திடல் ஸ்பீட்வேக்கு எப்படி ஈடாகும்? ரசிகர்கள் சேர்ந்து அமைத்த பிரச்சாரக் குழு இந்த வேலையைத்தான் வருஷக்கணக்கில் செய்தது. கடைசியில் திட்டமிடல் ஆய்வாளர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். அங்கே வீடு கட்ட அனுமதி இல்லை.

வீடு வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் வீட்டுத் தட்டுப்பாடு உண்மையான பிரச்சனை. பழைய கூட்டம் இன்று வருவதில்லை என்பதும் உண்மை. வளைவில் நிற்பவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். தவிர, அனுமதி மறுத்துவிட்டதால் மட்டும் எரிந்த மாடம் தானாக எழுந்துவிடாது. நிலம் ஒருவர் கையில், ஆசை இன்னொருவர் மனதில். தடுப்பதற்குத்தான் சட்டம் உதவும், திறப்பதற்கு யாராவது பணம் போட வேண்டும்.

ஆனாலும் ஆக்ஸ்ஃபர்டின் உதாரணம் இருக்கிறது. அங்கேயும் ஸ்பீட்வே நின்றது, பிறகு நாய்ப் பந்தயமும் நின்றது, வீடு கட்டத் திட்டம் வந்தது. நகர மன்றம் அந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. மைதானம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. 2022-ல் மறுபடி வண்டிகள் ஓடின. சும்மா கிடந்த அந்த வருஷங்கள் வீண் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கஸ்டம் ஹவுஸுக்கும் ஆக்ஸ்ஃபர்டுக்கும் என்ன வித்தியாசம்? ரசிகர்களின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை, இரண்டு இடத்திலும் அதே பாசம்தான். இடிப்பதற்கு முன் ‘இது யாருக்குத் தேவை?’ என்று கேட்க ஒரு இடம் இருந்ததா, அங்கே போய் பதில் சொல்ல ஆள் இருந்தார்களா என்பதுதான் வித்தியாசம். அட்டைப்பெட்டியில் கிடக்கும் அந்த ஏடுகளை அதனால்தான் நான் சாதாரணமாக நினைக்கவில்லை. தெருவுக்குப் பெயர் வைக்கும் நாள் வரும்வரை காத்திருந்தால் அவை வெறும் ஞாபகம். அதற்கு முன்னால் எடுத்து நீட்டினால் சாட்சி.

உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் ஒரு மைதானமோ கொட்டகையோ இருக்கும். அதைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொன்னால், தேதியோடு எழுதி வையுங்கள்.