ஹராய்தென்: இத்சுகுஷிமா கோயிலின் தூய்மை மண்டபமும் 1868ஆம் ஆண்டு ஆணையும்

ஜப்பானின் ஹிரோஷிமா மாநிலத்தைச் சேர்ந்த மியாஜிமா தீவில், ஓதம் உயரும்போது கடல்நீர் தரைக்கடியில் புகும்படி கட்டப்பட்டது இத்சுகுஷிமா ஷிந்தோ கோயில். ஏறத்தாழ 275 மீட்டர் நீளமுள்ள நடைக்கூடத்தின் வழியே செல்வோர் ஹராய்தென் எனும் தூய்மைச் சடங்கு மண்டபத்தை அடைகின்றனர். அதன் பின்னே வழிபாட்டு மண்டபமும் கருவறையும். முன்னே ஆடல்மேடை, அதற்கப்பால் கடல், கடலினுள் தொரீ எனும் பெருவாயில். மழை நாள்களில் மேடையில் நிகழவேண்டிய புகாகு ஆடல் இம்மண்டபத்திற்குள் இடம்பெயரும். நடைக்கூடத் தரைப்பலகைகளுக்கிடையே விடப்பட்டுள்ள இடைவெளி கவனக்குறைவன்று. புயற்காலத்தில் கீழிருந்து மோதும் நீரின் அழுத்தம் அவற்றின் வழியே தணிகிறது.

கி.பி. 593இல் தோன்றியது எனும் மரபு ஒருபுறம் இருக்க, இன்றைய அமைப்பின் மூலவடிவம் தைரா நோ கியோமோரி 1168 அளவில் மேற்கொண்ட திருப்பணியைச் சார்ந்தது. இங்குள்ள மூன்று பெண் தெய்வங்களை அவர் தூய ஷிந்தோ தெய்வங்களாக மட்டும் கண்டார் எனக் கொள்வதற்கில்லை. 1164இல் அவர் இக்கோயிலுக்குக் காணிக்கையாக்கிய ‘ஹெய்கே நோக்கியோ’ ஒரு பௌத்தச் சூத்திரத் தொகுதி. அதனுடன் அமைந்த வேண்டுதலுரை இத்தெய்வத்தை அவலோகிதேசுவரரின் வெளிப்பாடாகவே குறிக்கிறது. சுருள்களின் எண்ணிக்கை 33. அது அப்போதிசத்துவரின் 33 வடிவங்களை நினைவூட்டுவது. மூவருள் ஒருவரான இச்சிகிஷிமாஹிமே பிற்காலத்தில் பென்சைதெனுடன், அதாவது பௌத்தம் வழியே ஜப்பான் சென்ற நம் சரசுவதியுடன், ஒன்றாக்கப்பட்டார்.

தூய்மை பற்றிய கருத்து இத்தீவில் பழமையானதே. பிறப்பும் இறப்பும் இங்கு நிகழலாகாது என்பது மரபு. கருவுற்ற பெண்டிர் எதிர்க்கரைக்குச் சென்றனர், இறந்தோரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர். 1555ஆம் ஆண்டுப் போரில் சூவே ஹருகதாவை வென்ற மோரி மோத்தொநாரி, குருதி படிந்த மண்ணை அகற்றி மண்டபங்களைக் கழுவச் செய்தார் என்பர். தமிழ் வாசகர்க்குத் ‘தீட்டு’ எனும் சொல் இங்கு எளிதில் துணைபுரியும். ஆயின் இத்தீட்டு உடலையும் குருதியையும் சார்ந்தது. பிற சமயத்தைச் சார்ந்ததன்று.

1868இல் மெய்ஜி அரசு காமி வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டபோதுதான் தூய்மைக்கு அப்புதுப்பொருள் ஏற்றப்பட்டது. இக்கோயிலின் செந்நிறப் பூச்சே பௌத்தச் சாயலுடையதெனக் கருதிச் சுரண்டப்பட்டது. முன்பு இல்லாத குறுக்குக் கொம்புகள் ஷிந்தோ அடையாளமாகக் கருவறைக் கூரைமேல் ஏற்றப்பட்டன. பின்னாளைய திருப்பணியில் அவை இறக்கப்பட்டு, செந்நிறமும் மீட்கப்பட்டது. ஆகவே இன்று ‘பண்டைய ஷிந்தோவின் நிறம்’ என ஒளிப்படங்களில் போற்றப்படுவது, ஒருகாலத்தில் ஷிந்தோவின் பெயராலேயே நீக்கப்பட்ட நிறம். வழிகாட்டி நூல்கள் இதனை அரிதாகவே சுட்டுகின்றன. கட்டடம் மீண்டதுபோல் வழிபாடு மீளவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

பிரிக்கப்பட்ட பென்சைதென் திருவுருவம் தைகன்ஜி எனும் பௌத்தக் கோயிலுக்கு மாற்றப்பட்டது. அக்கோயில் தொலைவில் இல்லை. மேற்கு நடைக்கூடத்தின் வழியே வெளியேறுவோர் சில அடிகளில் அதன் வாயிலைக் காண்பர். திருவுருவம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுவது ஆண்டுதோறும் சூன் 17ஆம் நாளில்.