ஒரு பயணியின் பாதையில் மூன்று பாடங்கள்

வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி மூன்றையும் தனித்தனிப் பாடவேளைகளில் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் மூன்று கொப்பிகளில் எழுதி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துக் காட்ட இப்னு பதூதாவின் இலங்கைப் பயணம் ஒன்றே போதும்.

1344இல் மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவுக்குப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று திசைமாற்றி இலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தது. புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாண அரசர் புத்தளத்தில் என்ன செய்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்றைய இராச்சிய எல்லைகள் இன்றைய மாகாண எல்லைகள் போன்றவை இல்லை என்பதை அங்கேயே விளக்கலாம். அந்த அரசருக்குப் பாரசீகம் விளங்கியது. அவர் முன்னால் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டன. கடல் வணிகம் எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதற்கு இவையே சாட்சி.

அடுத்து தேசப்படத்தை விரியுங்கள். கப்பலில் வரும்போதே அவர் கண்டது புகைத்தூண் போல எழுந்த பாவா ஆதம் மலையை. அதன் உயரம் 2,243 மீற்றர். பீதுருதாலகால மலையோ 2,524 மீற்றர். உயரம் கூடிய மலை இருக்க, மாலுமிகளுக்கு இது ஏன் அடையாளமானது? மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் இது தனித்து எழுந்து நிற்கிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு மலையிலிருந்து தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பிய பாதையைக் கோடிட்டுக் காட்டட்டும்.

மூன்றாவது பாடம் அவருடன் நடந்தவர்களைப் பற்றியது. முஸ்லிம் பயணி ஒருவர் மலைக்குப் போக, சைவ அரசர் பல்லக்கும் கொடுத்து, 4 யோகிகள், 3 பிராமணர்கள், தன் ஆட்கள் 10 பேர், சாமான் சுமக்க 15 பேர் என்று அனுப்பிவைத்தார். இன்றும் அதே மலை சிங்களவருக்கு ஸ்ரீ பாத, சைவருக்குச் சிவனொளிபாதம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இந்தப் பயணநூல் எழுதப்பட்டது சுமார் 10 ஆண்டுகள் கழித்து, அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல. அதனால் எதையும் சரிபார்த்தே ஏற்க வேண்டும் என்ற பழக்கமும் பிள்ளைக்கு வரும்.

'நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?' என்று நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் காலம் இது. பதில் தெரியாத பிள்ளை கோபப்படும், அல்லது தலைகுனியும். பதில் தெரிந்த பிள்ளை, இந்தப் பாதையில் நடந்த எல்லோரையும் சேர்த்தே பேசும்.

ஆசிரியர்களே, உங்கள் ஊர் இந்தப் பாதையில் இருந்தால் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள்.