நடந்து போகும் தூரம்



நியூயார்க் மாநிலத்தின் தென்கோடியில் பிங்காம்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் காலணித் தொழிற்சாலைகளால் செழித்த ஊர். அங்கே வளர்ந்த தொலைக்காட்சி எழுத்தாளர் ராட் செர்லிங்கைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் பேராசிரியர்கள், பாதிப் பேர் ரசிகர்கள். இரு தரப்பும் பேசியது ஒரே மனிதரைத்தானா என்ற சந்தேகம் எனக்கு மதியம் வரை இருந்தது.

பேராசிரியர்கள் தணிக்கையைப் பற்றிப் பேசினார்கள். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கோபத்தில் செர்லிங் எழுதிய ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ நாடகம் 1956இல் ஒளிபரப்பானது. அதற்குள் அதில் அவருடைய கோபம் மிஞ்சவில்லை. கொல்லப்படுபவர் யாரோ ஒரு வெளிநாட்டவர் ஆனார். கதை நடக்கும் இடம் தென் மாநிலத்திலிருந்து நியூ இங்கிலாந்துக்கு நகர்ந்தது. கோகோ கோலா புட்டி தெரிந்தால்கூடத் தெற்கு நினைவுக்கு வருமென்று அதையும் எடுத்துவிட்டார்கள். 1958இல் இன்னொரு முறை முயன்றார். அந்த நாடகமும் 19ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளப்பட்டது, பலியாகிறவர் மெக்சிகோக்காரர் ஆனார்.

மனிதர்களை வைத்துச் சொல்ல விடாததை வேற்றுக்கிரகவாசிகளை வைத்துச் சொல்லலாம் என்று அவர் கண்டுகொண்டதன் விளைவுதான் 1959 அக்டோபரில் தொடங்கிய ‘ட்விலைட் ஸோன்’. 156 பகுதிகளில் 92 அவர் எழுதியவை. இது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சரியான விளக்கம்தான்.

தேநீர் இடைவேளையில், பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் ஒருவர், “பூங்காவுக்குப் போனீர்களா?” என்று கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரராம். அவரே தன் காரில் அழைத்துப் போனார். ரெக்ரியேஷன் பார்க்கில் ஒரு குடைராட்டினம் இருக்கிறது. காலணி ஆலை முதலாளி ஜார்ஜ் ஜான்சனின் குடும்பம் இந்த வட்டாரத்துக்குக் கொடுத்த ஆறு ராட்டினங்களில் ஒன்று. குழந்தைகளிடம் காசு வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. செர்லிங் சிறுவயதில் இங்கே விளையாடியவர்.

‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’ பகுதி இந்தப் பூங்காவின் நினைவில் பிறந்தது. 36 வயது விளம்பர நிறுவன அதிகாரி ஒருவன், பழுதுபார்க்கக் காரைக் கொடுத்துவிட்டுத் தன் சொந்த ஊருக்கு நடந்து போகிறான். அங்கே அவனுடைய பால்யம் அப்படியே இருக்கிறது. அப்பா இருக்கிறார். எல்லாம் புரிந்துகொண்ட பிறகு அவரே அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறார்.

முதியவர் சொன்னார்: “அவர் அப்பா 1945இல் திடீரென்று இறந்துபோனார். மகன் பிலிப்பைன்ஸில் பாராசூட் படையில் இருந்தார். இறுதிச்சடங்குக்கு விடுப்பு கொடுக்கவில்லை.”

நான் ஒன்றும் பேசவில்லை. 2021 மே மாதம் திருச்சியில் என் அப்பா இறந்தபோது விமானம் கிடைக்காமல், தம்பி கொள்ளி வைத்ததைக் கைபேசியில் பார்த்தவன் நான். இங்கே கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அப்படி நேர்ந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

மாலை அரங்குக்குத் திரும்பியபோது இரு தரப்பும் ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்தது. விளம்பரதாரர் சொல்ல விடாததை அவர் கதை வழியே சொன்னார். ராணுவம் போக விடாத இடத்துக்குக் கதை வழியே போனார். ஆனால் அங்கே தங்கிவிடவில்லை. அப்பா திரும்பிப் போ என்று சொல்வதாக எழுதியதும் அவரேதான். அதை எழுத அவருக்கு 14 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

1975இல், 50 வயதில் செர்லிங் இறந்தார். அவருடைய அப்பாவைப் போலவே இதயநோய்.

கிளம்புவதற்கு முன் அந்த ராட்டினத்தில் ஒரு சுற்று வந்தேன். இன்றைக்கும் காசு கேட்பதில்லை.