சீஸ் ஹலாலா? கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து பச்சைப் புள்ளி வரை

தாம்பரம் பக்கம் நாலு நண்பர்கள் சேர்ந்து பீட்சா சாப்பிடப் போனால், அதில் ஒருவன் முஸ்லிம் என்றால், ஒரு வழக்கமான சமாதானம் நடக்கும். கடையில் கோழி ஹலாலா என்று தெரியவில்லை, அதனால் வெறும் சீஸ் பீட்சா போதும். பால் பொருள்தானே, அதில் என்ன இருக்கப் போகிறது?

ஆனால் கோழி விஷயம்தான் எளிது. யார் அறுத்தார்கள், எப்படி அறுத்தார்கள் என்று கேட்டால் முடிந்தது. சீஸ் அப்படி இல்லை. அந்த வெள்ளைத் துண்டைப் பற்றி இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாக வாதம் செய்திருக்கிறார்கள். அந்த வாதத்தில் காயல்பட்டினத்துக்காரருக்கு ஒரு பதிலும் ராவுத்தருக்கு வேறொரு பதிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு!

முதலில் சீஸ் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். பால் இறுகுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். நம் வீட்டில் பன்னீர் செய்ய எலுமிச்சம்பழம் பிழிகிறோம், அது புளிப்பால் திரிவது. தயிருக்கு உறை ஊற்றுகிறோம், அது பாக்டீரியா வேலை. ஆனால் செடார், பார்மசான் மாதிரி மாதக்கணக்கில் வைத்து முதிர வைக்கும் சீஸ் இந்த இரண்டு முறையிலும் சரியாக வராது. அதற்கு ரென்னெட் வேண்டும். பால்குடி மறக்காத கன்றின் நாலாவது இரைப்பையில் கைமோசின் என்று ஒரு நொதி சுரக்கும். தாய்ப்பாலை வயிற்றிலேயே கட்டியாக்கி மெதுவாகச் செரிக்க வைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. கன்றை அறுத்து, அந்த இரைப்பையைக் காயவைத்து, உப்புநீரில் ஊறவைத்தால் ரென்னெட் இறங்கும். ஒரு பங்கு ரென்னெட் 10,000 முதல் 15,000 பங்கு பாலை உறைய வைத்துவிடும். இந்த விகிதத்தை நினைவில் வையுங்கள். இவ்வளவு கொஞ்சமாக இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்பதும் வாதத்தின் ஒரு பகுதி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பழைய காலத்தில் எழவே வாய்ப்பில்லை. நாம் தயிர், மோர், நெய் மக்கள். பால் திரிந்தால் முகம் சுளிப்போம். கேள்வி எழுந்தது அரேபியாவிலும் ஈராக்கிலும்.

அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. தபூக் பயணத்தின்போது (கி.பி. 630) நபி (ஸல்) அவர்களிடம் ஒரு சீஸ் கட்டி கொண்டுவரப்பட்டது. கத்தி கேட்டு வாங்கி, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி வெட்டினார்கள் என்று இப்னு உமர் அறிவிக்கிறார். இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த பத்து வருடங்களுக்குள் முஸ்லிம் படைகள் பாரசீகத்துக்குள் போய்விட்டன. 637 வாக்கில் தலைநகரம் மதாயினும் கைக்கு வந்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் மஜூஸிகள், அதாவது ஜொராஸ்டிர மதத்தவர். யூதர், கிறிஸ்தவர் அறுத்ததைச் சாப்பிடலாம் என்று குர்ஆன் அனுமதிக்கிறது. மஜூஸிகள் அறுத்ததற்கு அந்த அனுமதி இல்லை. அவர்கள் அறுத்த கன்று தானாகச் செத்த பிராணிக்குச் சமம். அப்படியானால் அந்தக் கன்றின் ரென்னெட்டால் செய்த சீஸ்?

சஹாபாக்கள் அந்தச் சீஸைச் சாப்பிட்டார்கள் என்ற செய்திகளை ஒரு தரப்பு ஆதாரமாகக் காட்டியது. இமாம் அபூஹனீஃபா ஒரு தர்க்கம் சொன்னார். சாவு என்பது உயிர் இருந்த பாகத்துக்குத்தான். முடிக்கும் கொம்புக்கும் உயிர் இல்லை, அதனால் அவை சாவதும் இல்லை. பாலும் ரென்னெட்டும் அப்படித்தான், எனவே அவை சுத்தமானவை. அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதுமே இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ரென்னெட் திரவமாக இருந்தால், செத்த உடலின் அசுத்தம் அதில் கலந்துவிடுமே என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹப் இன்னும் கறார். முறைப்படி அறுத்த பிராணியாக இருக்க வேண்டும், அதுவும் பால் தவிர வேறெதையும் தின்னாத குட்டியாக இருக்க வேண்டும், அப்போதுதான் ரென்னெட் சுத்தம். பல நூற்றாண்டு கழித்து வந்த இப்னு தைமிய்யா (இறப்பு 1328), சஹாபாக்களின் ஈராக் நடைமுறையைக் காட்டி, அபூஹனீஃபா பக்கம் சாய்ந்தார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபிஈ. உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை இருக்கும் புறநகர்களில் இரண்டு வகையினரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே ஐரோப்பாவிலிருந்து வந்த, கன்று ரென்னெட் போட்ட ஒரு துண்டு சீஸை இரண்டு வீட்டுக்கும் கொடுத்தால், நூல்படி இரண்டு பதில் வரலாம். நடைமுறையில் இரண்டு வீட்டிலும் குழந்தைகள் அதற்குள் தின்று முடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம் :-)

பக்கத்திலேயே ஒரு சுவாரசியமான ஒப்பீடும் இருக்கிறது. குரோம்பேட்டை என்ற பெயரே 1912 இல் தொடங்கிய குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. தானாகச் செத்த மாட்டின் தோல் அசுத்தம்தான், ஆனால் பதனிட்டால் சுத்தமாகிவிடும் என்று ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் ஒத்துக்கொள்கிறார்கள். அதாவது அதே மாட்டின் தோலில் செய்த செருப்புக்கு வழி இருக்கிறது, அதன் கன்றின் ரென்னெட்டில் செய்த சீஸுக்கு ஷாஃபிஈகளிடம் வழி இல்லை. தோலைத் தின்னப் போவதில்லையே என்று நினைத்தால் இந்த வித்தியாசம் நியாயமாகத்தான் படுகிறது.

ரென்னெட் பிரச்சினை முஸ்லிம்களுக்கு மட்டும் இல்லை. 1880களில் வெள்ளைக்காரர்களுக்கு இந்தியாவில் சீஸ் தொழில் தொடங்க ஆசை வந்தது. கன்று வயிற்றில் செய்த சீஸை இந்துக்கள் தொடமாட்டார்கள் என்று உடனே புரிந்தது. ஆப்கானிஸ்தானிலும் சிந்துவிலும் ஒரு செடியின் காய்களைப் போட்டுப் பால் உறைய வைக்கும் வழக்கம் இருந்தது. வித்தானியா கோயகுலன்ஸ் என்பது தாவரப் பெயர், வடக்கே பனீர் டோடி என்பார்கள். நம் நாட்டு மருந்துக்கடை அமுக்கராவுக்கு நெருங்கிய சொந்தம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷெரிடன் லீ அதன் விதைகளை உப்புநீரில் ஊறவைத்துச் சோதித்து, 1883 இல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை எழுதினார். பால் நன்றாகவே உறைந்தது. ஆனால் இந்த மாதிரித் தாவர நொதிகளுக்கு ஒரு குறை உண்டு, சீஸ் முதிர முதிரக் கசப்பு தட்டும். கன்று ரென்னெட்டின் இடத்தை அந்தச் செடியால் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் விடை வந்தது மதத்திலிருந்து இல்லை, பற்றாக்குறையிலிருந்து. உலகம் முழுக்க சீஸ் தின்பது கூடியது, கன்று வயிறு போதவில்லை. 1960களில் பன்றியின் பெப்சினைக் கலந்துகூடச் சமாளித்தார்கள் (இங்கே எந்த மத்ஹபிலும் பதில் ஒன்றுதான்!). அதே 1960களில் ஜப்பானில் ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து பால் உறைய வைக்கும் நொதியை எடுத்தார்கள். பிறகு கன்றின் கைமோசின் மரபணுவையே நுண்ணுயிருக்குள் வைத்துத் தொட்டியில் வளர்த்தார்கள். ஃபைசர் நிறுவனத்தின் அந்தத் தயாரிப்புக்கு 1990 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றத்தில் செய்த பொருள் ஒன்று உணவில் சேர அங்கே அனுமதி பெற்றது அதுதான் முதல் தடவை.

இந்தியாவில் இது சட்டமாகவே ஆனது. 2001 இல் பச்சைப் புள்ளி, பழுப்புப் புள்ளி வந்தது. அடுத்து 2011 இன் உணவுப் பாதுகாப்பு விதிகளில் சீஸின் இலக்கணத்திலேயே, விலங்கிலிருந்து எடுக்காத ரென்னெட்டால் உறைய வைத்தது என்று எழுதிவிட்டார்கள். கன்று ரென்னெட் போட்டால் நம் சட்டப்படி அது சீஸே இல்லை! அமுல் சீஸிலும் நுண்ணுயிர் ரென்னெட்தான். இந்த விதியை எழுதியவர்கள் மனதில் சைவர்களும் ஜைனர்களும் இருந்திருப்பார்கள், ஷாஃபிஈ மத்ஹப் இருந்திருக்காது. ஆனாலும் மரைக்காயர் வீட்டுக் கேள்விக்கும் ராவுத்தர் வீட்டுக் கேள்விக்கும் சேர்த்து ஒரே புள்ளியில் பதில் கிடைத்துவிட்டது. தன் சாப்பாட்டுக்காக ஒருவர் கேட்டு வாங்கியது பக்கத்து இலைக்கும் பரிமாறப்பட்ட கதை.

இதனால்தான் 2023 நவம்பரில் உத்தரப்பிரதேச அரசு ஹலால் சான்றிதழ் போட்ட பொருட்களின் விற்பனையைத் தன் மாநிலத்தில் தடை செய்தபோது (ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு) எழுந்த ஒரு கேள்வி எனக்கு அரைகுறையாகப் பட்டது. பால் பொருளுக்கும் பிஸ்கட்டுக்கும் எதற்கு ஹலால் முத்திரை என்று கேலியாகக் கேட்டார்கள். சான்றிதழ் வியாபாரத்தில் கேள்வி கேட்க நிறைய இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாலுக்கு எதற்குப் பச்சைப் புள்ளி என்று யாரும் கேட்பதில்லையே? இரண்டுக்கும் காரணம் அதே கன்றின் வயிறுதான்.

பச்சைப் புள்ளி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் இல்லை. அது பிராணியைப் பற்றி மட்டும் பேசும், மதுவைப் பற்றிப் பேசாது. சில ஐரோப்பியச் சீஸ்களை ஒயினிலோ பீரிலோ கழுவி முதிர வைப்பார்கள். பீட்சா கடையில் சீஸ் சரியாக இருந்தாலும் வெட்டும் கத்தி எதைத் தொட்டது என்று புள்ளிக்குத் தெரியாது. அதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

சபுராளி மாமா பெட்டியில் கொண்டுவரும் சீஸுக்கும், மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்கள் அங்கே வாங்கப் போகும் சீஸுக்கும் நம் ஊர்ப் புள்ளி இருக்காது. அங்கே பெயரை வைத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கும் கிரானா படானோவுக்கும் கன்று ரென்னெட் போட வேண்டும் என்பது இத்தாலியர்களின் விதி. ரோக்ஃபோர்ட்டுக்கு ஆட்டுக்குட்டி ரென்னெட். போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்த்ரெலா நேர் எதிர், முள்செடிப் பூவை ஊறவைத்துத்தான் செய்வார்கள். ரிக்கோட்டா சூடாக்கிப் புளிப்பால் எடுப்பது, ஆனால் அதற்கான வே தண்ணீர் வேறொரு சீஸ் செய்தபோது மிஞ்சியது, எனவே அந்தச் சீஸ் எது என்று கேட்க வேண்டும். செடாரும் மொஸரெல்லாவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லேபிளில் 'வெஜிடேரியன்' என்று இருந்தால் ரென்னெட் கவலை இல்லை. வெறும் 'ரென்னெட்' என்று மட்டும் இருந்தால், உங்கள் மத்ஹப் எது என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.