பம்பாய்க் கப்பல் போருக்குப் போன கதை – 4

அடிவானத்தில் தெரிந்தது வணிகக் கப்பல் அல்ல, போர்க்கப்பல் என்று கேப்டன் கென்னடி கண்டுகொண்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். 1939 நவம்பர் 23. ஐஸ்லாந்துக்குத் தென்கிழக்கே, குளிர்காலப் பகல் முடியும் நேரம்.

அவர் நின்றிருந்த 'ராவல்பிண்டி' 1925இல் பீ அண்ட் ஓ கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே வெள்ளைக்கார அதிகாரிகளையும் அவர்கள் குடும்பங்களையும் தபால் மூட்டைகளையும் சுமந்த கப்பல். 1939 ஆகஸ்டில் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. இரண்டு புகைபோக்கிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, எட்டு 6 அங்குலப் பீரங்கிகளைப் பூட்டினார்கள். எல்லாம் பழைய காலத்துச் சரக்கு. பக்கத்துக்கு நான்கு என்பதால் ஒரு திசையில் நான்குதான் சுடும். கவசம் கிடையாது, உயரமான பக்கங்கள் எதிரிக்கு நல்ல குறி. இதற்கு 'குரூசர்' என்று பெயர் வைத்தது அதில் ஏறியவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன். கம்பெனியின் பழைய மாலுமிகள் பலர் அதே கப்பலில் கடற்படை வேலைக்குக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

ஜெர்மனிக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்களை மறித்துச் சோதிக்க இந்தக் கப்பல் போதும். அக்டோபரில் 'கொன்சன்ஹைம்' என்ற ஜெர்மன் கப்பலை மறித்தும் இருந்தது. பிடிகொடுக்காமல் அதன் மாலுமிகளே அதை மூழ்கடித்துவிட்டார்கள்.

இன்று எதிரே நின்றது வேறு.

கென்னடிக்கு வயது 60. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர். வந்திருப்பது 'டாய்ச்லாண்ட்' என்று நினைத்து அப்படியே தந்தியடிக்கச் சொன்னார். உண்மையில் அது அதைவிடப் பெரிய 'ஷார்ன்ஹார்ஸ்ட்'. ஒன்பது 28 செ.மீ. பீரங்கிகள், ஒவ்வொரு குண்டும் 300 கிலோவுக்கு மேல். மணிக்கு 31 கடல் மைல் ஓடும். ராவல்பிண்டி முக்கினாலும் 17தான்.

"நில்" என்று விளக்குச் சைகை வந்தது. எச்சரிக்கைக் குண்டு ஒன்று முன்னால் விழுந்து தண்ணீரை வாரியிறைத்தது. கென்னடி நிற்கவில்லை. மூடுபனி இருந்த திசைக்குக் கப்பலைத் திருப்பச் சொன்னார். இருட்டும்வரை தாக்குப்பிடித்தால் தப்ப வழியுண்டு.

அந்த நேரத்தில் இன்னொரு கப்பல் கண்ணில் பட்டது.

ரோந்து வரிசையில் பக்கத்திலேயே பிரிட்டிஷ் குரூசர் 'நியூகாசில்' இருந்தது. கென்னடியின் தந்தியைக் கேட்டு அதுதான் விரைந்து வந்துவிட்டதா?

வருகிற கப்பலின் பீரங்கிகள் திரும்பத் தொடங்கின. ஷார்ன்ஹார்ஸ்டை நோக்கி அல்ல.

(தொடரும்)