லேபிள் மாறிய காலரா

எங்க ஊர்ப் பக்கம் (விருதுநகர்ங்க) குழாயடிச் சண்டை முத்திப் போச்சுன்னா கடைசியா வந்து விழுற வார்த்தை "பேதியில போவே!". சின்ன வயசுல இதை ஒரு சாதாரண வசவுன்னுதான் நினைச்சிருந்தேன். அப்பத்தாதான் ஒரு நாள் சொன்னாங்க: "அது வசவு இல்லடா, சாபம். காலையில நல்லா நடமாடுன ஆளு பொழுது சாயுறதுக்குள்ள போயிருவான்." காலராவைப் பாத்த தலைமுறை. நமக்கு அது வெறும் வார்த்தை.

அந்தக் காலராவே 1992-ல நம்ம தமிழ்நாட்டுல ஒரு ஆள்மாறாட்ட வேலை பண்ணுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச துப்பறியும் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

அந்த வருஷம் அக்டோபர்ல மெட்ராஸ்ல வாந்திபேதியோட ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. அரிசி கழுவுன தண்ணி மாதிரி போகுது, சில மணி நேரத்துல உடம்பு வத்திப் போகுது. பாத்த உடனே காலரான்னு சொல்லிரலாம். ஆனா ஆய்வகம் இல்லைன்னு சொல்லுச்சு.

அங்க என்ன பண்ணுவாங்கன்னா, நோயாளியோட மலத்துல இருந்து கிருமியை வளர்த்து, கண்ணாடித் தகட்டுல ஒரு துளி எதிர்ப்பு சீரத்தோட கலப்பாங்க. காலராக் கிருமின்னா திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா ஒட்டிக்கும். அந்த சீரம் 'ஓ1'ங்கிற வகைக்கானது. விப்ரியோ காலரேங்கிற கிருமியில அன்னைக்கு 138 வகை தெரியும். ஆனா ஊரையே வாரிக்கிட்டுப் போற கொள்ளைநோயா வந்தது ஓ1 மட்டும்தான். மத்ததெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணா வயித்தைக் கலக்குற சில்லறைப் பசங்கன்னு ரொம்ப காலமா பாடப்புத்தகம் சொல்லிட்டு இருந்துச்சு.

மெட்ராஸ் கிருமி ஒட்டலை. வேலூர் சி.எம்.சி.யிலயும் இதே கதை. ஓ1 குறைய, ஓ1 அல்லாதது ஏறுதுன்னு அங்க உள்ள மேரி ஜேசுதாசனும் ஜேக்கப் ஜானும் 1993-ல லான்செட்ல எழுதினாங்க. கல்கத்தாவுல தேசிய காலரா நிறுவனத்துலயும் அதே. கொஞ்ச நாள்ல வங்கதேசம்.

இதுல இன்னொரு துப்பு இருந்துச்சு. காலரா அடிக்கடி வர்ற ஊர்கள்ல பெரும்பாலும் மாட்டுறது சின்னப் புள்ளைங்க. பெரியவங்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்து எதிர்ப்பு சக்தி இருக்கும். இந்தத் தடவை விழுந்ததுல நிறையப் பேர் பெரியவங்க. அப்படின்னா உடம்புக்கே இந்த ஆளைத் தெரியலை!

கையில இருந்த 138 சீரத்துலயும் போட்டுப் பாத்தாங்க, எதுலயும் ஒட்டலை. அதனால புது நம்பர்: ஓ139. வங்காள விரிகுடா ஓரத்து ஊர்கள்ல கிளம்புனதால கூடவே 'பெங்கால்'னு ஒரு பட்டப்பேர். (முதல்ல பிடிபட்டது மெட்ராஸ்ல, பேர் வாங்கினது பெங்கால். நமக்கு எப்பவுமே இப்படித்தான்.)

சரி, யாருய்யா இவன்? இதைச் சொல்ல சிவகாசிக்காரனை விடத் தகுதியான ஆள் கிடையாது. ஒரே பட்டறையில உருட்டுன வெடிக்கு ஆப்செட் பிரஸ்ல புது லேபிள் அடிச்சு ஒட்டுனா கடைக்காரருக்கு அது புதுச் சரக்கு. பிரிச்சு உள்ள இருக்குற மருந்தைப் பாத்தாத்தான் உண்மை தெரியும். சீரம் பாக்குறது கிருமியோட மேல்தோலை மட்டும், அதாவது லேபிளை. அதனால ஆய்வாளர்கள் கிருமியைப் பிரிச்சாங்க. டி.என்.ஏ.வை நொதியால துண்டு துண்டா வெட்டி, ஜெல்லுல மின்சாரம் விட்டு ஓட வைச்சா, துண்டுகள் நீளத்துக்குத் தக்கபடி கோடு கோடா நிக்கும். பார்கோடு மாதிரி.

கோடுகளைப் பாத்தா, அடப்பாவி, இவன் பழைய எல் டோர் ஓ1-ஓட சொந்தக்காரன்! மேல்தோலை உண்டாக்குற மரபணுத் தொகுப்பை மட்டும் கழட்டிப் போட்டுட்டு வேற ஒண்ணை மாட்டிக்கிட்டிருக்கான். விஷம் அதே விஷம். ஓ1-ஐப் பாத்துப் பழகுன உடம்புக்கும், ஓ1-க்குன்னு செஞ்ச தடுப்பூசிக்கும் இவன் தண்ணி காட்டினதுக்குக் காரணம் அதுதான்.

அன்னைக்கு மெட்ராஸ்ல எடுத்த ஒரு கிருமிக்கு எம்.ஓ.10-னு பேர். அது அமெரிக்கா வரைக்கும் போச்சு. பல மருந்துக்கு மசியாத குணத்தை மூட்டையாக் கட்டி ஒரு கிருமியில இருந்து இன்னொண்ணுக்குக் கடத்துற மரபணுத் துண்டை வால்டோர், மெக்கலனோஸ் குழு 1996-ல அதுலதான் கண்டுபிடிச்சாங்க.

எட்டாவது உலகளாவிய காலரா வந்தாச்சுன்னு பயந்தாங்க. பாகிஸ்தான், நேபாளம், தாய்லாந்து, சீனான்னு போச்சு. ஆனா ஓரிரு வருஷத்துல பழைய ஓ1 திரும்ப வந்து இடத்தைப் பிடிச்சுக்குச்சு. புது ஆள் மெல்ல ஒதுங்கிட்டான்.

இதை நான் ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா...

தொண்ணூறுகள் கடைசியில சிவகாசியில சொந்தக்காரங்க கல்யாணம். மறுநாள் ஒரு நாப்பது பேருக்கு வயித்தால போயிருச்சு. எனக்கும்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வரிசையாப் படுக்க வச்சு குளுக்கோஸ் ஏத்துனாங்க, மாத்திரை கொடுத்தாங்க, அனுப்பிட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் மலம் எடுத்துப் பாக்கலை. மண்டபத்துத் தொட்டித் தண்ணியையும் யாரும் பாக்கலை. அது லாரித் தண்ணி. அது நல்ல கோடை, எங்கிருந்து மொண்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? சாயங்காலத்துக்குள்ள தீர்ப்பு வந்துருச்சு: சமையல்காரர் மோர் கெட்டுப் போச்சு. மீதிப் பணம் கொடுக்கலை. மனுஷன் டி.வி.எஸ். 50-யை ஓரமா நிறுத்திட்டு ரெண்டு மணி நேரம் மண்டப வாசல்ல நின்னாரு. எங்க பெரியப்பா வெளிய வரவே இல்லை.

படுத்திருந்தவங்கள்ல பத்துப் பேர்கிட்ட கிருமி எடுத்து, தொட்டித் தண்ணியிலயும் மோர்ப் பானையிலயும் எடுத்து, கோடுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தா போதும். எல்லார் வயித்துலயும் ஒரே கோடு, அதே கோடு தொட்டியில இருந்தா லாரி. பானையில மட்டும் இருந்தா சமையல்காரர். சும்மா 'பேதிக் கிருமி இருக்கு'ன்னு மட்டும் சொன்னா ஒண்ணும் ஆகாது, பேதிக் கிருமி எங்கதான் இல்லை? 'அதே' கிருமியான்னுதான் கேள்வி. அதுவும் மாத்திரை உள்ள போறதுக்கு முன்னாடி எடுக்கணும், இல்லைன்னா சாட்சி செத்துப் போகும்.

அமெரிக்காவுல 1996-ல இருந்தே பல்ஸ்நெட்னு ஒரு ஏற்பாடு. எந்த மாநிலத்துல கிருமி கிடைச்சாலும் அந்தக் கோட்டைப் பொதுவுல போட்டு ஒப்பிடுவாங்க. இப்ப கோடும் பழசாயிருச்சு, முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாப் படிக்குறாங்க. காலராக் கிருமிக்கு அது சுமார் 40 லட்சம் எழுத்து. 2010-ல ஹைத்தியில காலரா வந்தப்ப, ஐ.நா. படையோட நேபாளத்துல இருந்து வந்ததுதான்னு 2011-ல இப்படித்தான் உறுதியாச்சு. ஐ.நா. வாய் திறந்து மன்னிப்புக் கேட்க 2016 ஆச்சு. நம்ம பரேலி ஊர் பேரைச் சுமக்குற சால்மொனெல்லா ஒண்ணு இருக்கு. 2012-ல அமெரிக்காவுல 400 பேருக்கு மேல படுக்கப் போட்டப்ப, இந்தியாவுல இருந்து போன சூரை மீன் துருவல்தான் காரணம்னு தெரிஞ்சுச்சு. அந்தத் துருவல் செஞ்ச ஆலையில இருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, சில வருஷம் முன்னாடி எடுத்து வச்சிருந்த ஒரு கிருமியோட எழுத்துகள் ஏறக்குறைய அப்படியே பொருந்துச்சு.

கடல் தாண்டி எட்டு கிலோமீட்டருக்குள்ள பிடிக்குறாங்க. எங்க கல்யாணத்துல தொட்டிக்கும் மோர்ப் பானைக்கும் நடுவுல இருபதடி.

அந்தச் சமையல்காரரை அதுக்கப்புறம் எங்க சொந்தத்துல யாரும் கூப்பிடலை. அந்த லாரிக்காரரைத்தான் அடுத்த முகூர்த்தத்துக்கும் கூப்பிட்டாங்க.