கடைசிக் கம்பத்தில் ஒரு தைரிஸ்டர் பாலம்: ஒற்றைக் கட்டக் கட்டுப்பாட்டு அலைதிருத்தியை மின்மூலத்திலிருந்து ஆராய்தல்

ஒற்றைக் கட்டக் கட்டுப்பாட்டு அலைதிருத்தியைக் கற்பிக்கும்போது நாம் தூண்டுகோணத்தில் தொடங்குகிறோம். தைரிஸ்டரின் வாயிலுக்குத் துடிப்பு எப்போது போகிறது, சுமையில் சராசரி மின்னழுத்தம் எவ்வளவு என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. மின்மூலத்துக்கு மின்மறுப்பே இல்லை என்று முதல் வரியிலேயே எடுத்துக்கொள்கிறோம். திண்டுக்கல் சமவெளியில் இந்த எடுகோள் நிற்காது. பட்டிவீரன்பட்டியை ஒட்டிய சேவுகம்பட்டி போன்ற ஊர்களில், டிரான்ஸ்பார்மரிலிருந்து தோட்டங்கள் வழியே நீளும் தாழ்வழுத்தக் கம்பியின் கடைசிக் கம்பத்தில்தான் பல இணைப்புகள் இருக்கின்றன. அங்கே மின்மூலமும் சுற்றின் ஓர் உறுப்பு. ஆய்வு அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் பாடநூல் தரும் விடையைப் பார்ப்போம். 230 வோல்ட்டில் இயங்கும், நான்கு தைரிஸ்டர் கொண்ட முழுக்கட்டுப்பாட்டுப் பாலம், சுமை மின்னோட்டம் சீராக ஓடும்போது, தூண்டுகோணம் சுழியானால் சராசரியாக 207 வோல்ட் தரும். 30 பாகையில் 179, 60 பாகையில் 103.5. கம்பியிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் சதுர அலை. ஆகவே திறன் காரணி, தூண்டுகோணத்தின் கொசைனை 0.9 ஆல் பெருக்கிய அளவு; 60 பாகையில் வெறும் 0.45. அதே 103.5 வோல்ட்டை இரண்டு தைரிஸ்டரும் இரண்டு டையோடும் கொண்ட அரைக்கட்டுப்பாட்டுப் பாலத்தில் 90 பாகையில் எடுத்தால் திறன் காரணி 0.64 ஆகிறது. மோட்டாரிலிருந்து ஆற்றலைக் கம்பிக்குத் திருப்ப வேண்டிய தேவை இல்லாத இடத்தில் முழுக்கட்டுப்பாட்டுப் பாலத்தைத் தேர்வதற்கு நியாயமே இல்லை.

இதை ஒற்றைக் கட்ட மின்பாதையில் ஓடும் ரயில் எஞ்சின்களை வடிவமைத்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தைரிஸ்டரை அறிவித்ததும், இந்திய ரயில்வே 25 கிலோவோல்ட் ஒற்றைக் கட்ட மின்சாரத்தைத் தேர்ந்ததும் 1957இல்தான். ஸ்வீடனின் ஆசியா (ASEA) நிறுவனம் 1967இல் தைரிஸ்டர் எஞ்சின்களைத் தொடராக வழங்கத் தொடங்கியது. இந்தியாவுக்கு அந்த நுட்பம் வேக்-6 (WAG-6) வகை எஞ்சின்களாக 1980களின் இறுதியில்தான், அதுவும் சிறு எண்ணிக்கையில், வந்தது. இத்தகைய எஞ்சின்களில் பாலத்தை இரண்டாகப் பிரித்துத் தொடராக இணைப்பார்கள். ஒன்று முழுதாகத் திறந்த பிறகே அடுத்தது திறக்கும். மின்பாதையை மனத்தில் வைத்துச் செய்த வடிவமைப்பு இது.

இனி கடைசிக் கம்பம். அங்கே 20 ஆம்பியர் இழுக்கும், முழுக்கட்டுப்பாட்டுப் பாலம் கொண்ட ஒரு நேர்மின் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பதாகவும், டிரான்ஸ்பார்மரும் கம்பியும் சேர்ந்து 0.6 ஓம் மின்மறுப்புத் தருவதாகவும் வைத்துக்கொள்வோம். கம்பியின் மின்தடை இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் அதன் விளைவு பெரும்பாலும் நேரடியான அழுத்த இழப்பு என்பதால் இங்கே ஒதுக்குகிறேன். 30 பாகையில் துடிப்பு வந்ததும் மின்னோட்டம் ஒரு தைரிஸ்டர் இணையிலிருந்து மற்றதுக்கு உடனே தாவாது. கம்பியின் மின்னோட்டம் ஒரு திசையின் 20 ஆம்பியரிலிருந்து எதிர்த்திசையின் 20க்குத் திரும்ப 7.6 பாகை, அதாவது சுமார் 0.42 மில்லி வினாடி ஆகும். அந்த நேரம் முழுவதும் நான்கு தைரிஸ்டர்களும் கடத்துகின்றன. பாலத்தின் உள்ளீட்டு முனைகளில் மின்னழுத்தம் சுழி. சுமைக்கு 179க்குப் பதில் 172 வோல்ட்தான் கிடைக்கும்.

ஏழெட்டு வோல்ட் இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அண்டை வீட்டுக்கு நேர்வதைத்தான் பாடநூல் பார்ப்பதில்லை. அதே கம்பத்தில் இணைந்த ஒவ்வொருவரின் அலைவடிவத்திலும் வினாடிக்கு நூறு முறை சுழிவரை இறங்கும் ஒரு வெட்டு விழுகிறது. அங்கே இன்னொரு தைரிஸ்டர் கருவி இருந்தால், சுழியைக் கடக்கும் கணத்தை வைத்தே அதன் துடிப்புச் சுற்று நேரம் பார்க்கிறது. இந்த வெட்டைச் சுழிக் கடப்பாக எண்ணித் தவறான நேரத்தில் துடிப்பு கொடுத்துவிடக்கூடும்.

பாலத்துக்கு முன் ஒரு சோக் போடுவது வழக்கமான மருந்து. அதற்கும் 0.6 ஓம் என்று கொண்டால் வெட்டின் ஆழம் பாதியாகிறது, அகலமோ 14 பாகையாக விரிகிறது. சுமையின் இழப்பு இரட்டித்து 15 வோல்ட்டைத் தொடுகிறது. வெட்டின் பரப்பு மட்டும் மாறவில்லை. அதைத் தீர்மானிப்பவை கம்பியின் மின்தூண்டல் எண்ணும் புரளும் மின்னோட்டமும் மட்டுமே. ஆகவே சோக் வெட்டை நீக்குவதில்லை, அண்டைக் கருவிகள் தாங்கும் வடிவுக்கு அதை மாற்றித் தருகிறது. சுழியைத் தேடும் சுற்றுகளைக் காப்பாற்ற அதுவே பெரும்பாலும் போதும். பரப்பைக் குறைக்க வேண்டுமென்றால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் டிரான்ஸ்பார்மரை அருகே கொண்டுவர வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைக் காட்டப் புதிய கருவி எதுவும் வேண்டாம். பாலத்துக்கு முன்னால் இரண்டு சோக்குகளைத் தொடராக வைத்து, அலைகாட்டியின் முனையைச் சுமையிலிருந்து எடுத்து, அவ்விரு சோக்குகளுக்கும் இடைப்பட்ட புள்ளியில் தக்க மின்காப்போடு வைத்தால் போதும்.